அம்மாக்கள் மேல் விழுந்த பழி

கணக்கில் தப்பு வந்தால் திருத்தி எழுதிவிடலாம், அதுதான் நான் படிக்கும் வணிகவியல். ஒரு தாயின் மேல் தப்பாகப் போட்ட பழியை எப்படித் திருத்துவது?

1943-ல் அமெரிக்காவின் பால்டிமோரில் லியோ கேனர் என்ற மனநல மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஆட்டிசம் பரவலாக அறியப்பட்டது அதன் பிறகுதான். இது பிறவியிலேயே வருவது என்று சொன்ன அவரே, பெற்றோர் பாசம் காட்டாதவர்கள் என்றும் குறிப்பிட்டார். வினை அங்கேதான் தொடங்கியது. அந்தத் தாய்மார்களுக்கு 'ஃபிரிட்ஜ் அம்மா' என்று பட்டமே வந்துவிட்டது! 1967-ல் புரூனோ பெட்டல்ஹைம் எழுதிய புத்தகம் அந்தப் பழியை மேலும் பரப்பியது.

இதை எதிர்த்தவர்களில் முக்கியமானவர் ஒரு அப்பா. பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற உளவியலாளர். அவர் மகனுக்கும் ஆட்டிசம். காரணம் மூளையில் இருக்கிறது, வளர்ப்பில் இல்லை என்று 1964-லேயே புத்தகம் எழுதி வாதாடினார். 1969-ல் பெற்றோர் கூட்டம் ஒன்றில், உங்கள் மேல் குற்றமில்லை என்று கேனரே சொன்னார். 1977-ல் ஃபோல்ஸ்டீன், ரட்டர் இருவரும் 21 இரட்டையர் ஜோடிகளை ஆராய்ந்து, மரபணுவுக்குப் பெரும் பங்கு உண்டு என்று காட்டினார்கள்.

இன்றும் பேசாத குழந்தையைப் பார்த்தால், "அம்மா சரியா கவனிக்கலையோ?" என்கிறோம். அடுத்த முறை அதைக் கேட்காமல், அந்தக் குழந்தையோடு சற்று நேரம் இருந்து பாருங்கள். அந்த அம்மா நிம்மதியாக ஒரு வாய் காப்பி குடிக்கட்டும்.