ஹவாய் சிப்பாய் ஹர்ஜிந்தர் சிங்

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமைதானே, காபியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒரு கேள்வி. 1903இல் முதன்முதலாக விமானத்தில் பறந்தவர்கள் யார்? ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூட "ரைட் சகோதரர்கள்" என்று சொல்லிவிடும். சரி, அந்த விமானத்தின் என்ஜினைச் செய்தவர் யார்? வகுப்பே அமைதியாகிவிடும். அவர் பெயர் சார்லி டெய்லர். ரைட் சகோதரர்களின் சைக்கிள் கடையில் வேலை பார்த்த மெக்கானிக். சுமார் 12 குதிரைத்திறன் கொண்ட அந்த என்ஜினை ஆறே வாரங்களில் செய்து கொடுத்தார். பறந்தவர் பெயர் பாடப்புத்தகத்தில் நிற்கிறது. பறக்க வைத்தவர் பெயரைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

நம் நாட்டிலும் அப்படி ஒருவர் இருந்தார். பெயர் ஹர்ஜிந்தர் சிங். 1909இல் பிறந்தவர். பஞ்சாபைச் சேர்ந்த சீக்கியர். அவருடைய வாழ்க்கையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

இந்திய விமானப்படை 1932 அக்டோபர் 8ஆம் நாள் சட்டப்படி தொடங்கப்பட்டது. அந்த நாளைத்தான் இன்றும் விமானப்படை தினமாகக் கொண்டாடுகிறோம். ஆனால் அன்றைக்குப் படை என்று சொல்ல என்ன இருந்தது? 1933 ஏப்ரல் 1ஆம் தேதி கராச்சியில் டிரிக் ரோடு என்ற இடத்தில் முதல் ஸ்குவாட்ரனை அமைத்தார்கள். நான்கே நான்கு விமானங்கள். விரல் விட்டு எண்ணிவிடக்கூடிய இந்திய அதிகாரிகள். அவர்களோடு 19 ஹவாய் சிப்பாய்கள். அவ்வளவுதான் மொத்தப் படையும்.

ஹவாய் என்றதும் தீவு நினைவுக்கு வருகிறதா? அது இல்லை. ஹவா என்றால் இந்தியில் காற்று. ஹவாய் சிப்பாய் என்றால் வான்படையின் சிப்பாய். துப்பாக்கி பிடிக்கும் சிப்பாய் அல்ல, ஸ்பேனர் பிடிக்கும் சிப்பாய். என்ஜினைக் கழற்றி மாட்டுபவர், இறக்கையைச் சரிபார்ப்பவர், உடைந்ததைப் பொருத்துபவர். அந்த முதல் கூட்டத்தில் ஒருவர்தான் ஹர்ஜிந்தர் சிங்.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அவர் படிக்காதவர் அல்ல. லாகூரில் மக்லாகன் பொறியியல் கல்லூரியில் படித்தவர். அந்தக் காலத்தில் பொறியியல் படித்த இளைஞனுக்கு நாற்காலியும் மேசையும் கிடைக்கும் வேலை எத்தனையோ இருந்திருக்கும். அவரோ படையின் கடைசிப் படியில், சிப்பாயாகச் சேர்ந்தார். இந்தியர்களுக்கென்று ஒரு விமானப்படை உருவாகும்போது அதன் இயந்திரங்களை இந்தியக் கைகளே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதில் அவருக்குப் பிடிவாதம் இருந்தது. இந்தியர்களுக்கு விமானமும் வராது, இயந்திரமும் வராது என்று எண்ணிய ஆங்கிலேயர்கள் அப்போது நிறையவே இருந்தார்கள்.

அவர்கள் கையில் கொடுக்கப்பட்ட விமானத்தின் பெயர் வாப்பிட்டி. இரண்டு அடுக்கு இறக்கை. உள்ளே உலோகச் சட்டம், மேலே துணி. ஆமாம், துணிதான். அந்தத் துணியின்மேல் ஒரு வகை வார்னிஷைப் பூசுவார்கள். அது காய்ந்ததும் துணி மேளத்தோல் மாதிரி இறுகிவிடும். இரண்டு இறக்கைகளுக்கும் நடுவே கம்பிகள் ஓடும். ஒரு கம்பி கொஞ்சம் தளர்ந்தாலும் இறக்கை தன் கோணத்தில் நிற்காது. வீணையின் நரம்பை முறுக்கிச் சுருதி சேர்ப்பது போல ஒவ்வொரு கம்பியையும் முறுக்கிச் சரிபார்க்க வேண்டும். முன்னால் ஒன்பது சிலிண்டர் என்ஜின். ஒன்று அடங்கினாலும் மலைமேல் பறப்பவருக்கு இறங்க இடம் கிடையாது.

அந்தப் படை வேலை பார்த்தது எங்கே தெரியுமா? இன்றைய பாகிஸ்தானில், ஆப்கன் எல்லையை ஒட்டிய வஜீரிஸ்தான் மலைகளில். மிரான்ஷா என்ற இடத்தில் இருந்து பறந்தார்கள். கோடையில் கொதிக்கும் வெயில், எந்நேரமும் தூசு. தூசுதான் என்ஜினுக்கு எமன். தொடக்க காலத்திலேயே முதல் ஐந்து விமானிகளில் இருவர் விபத்தில் இறந்துபோனார்கள். இத்தனை சிறிய படையில் இரண்டு பேர் என்றால் எவ்வளவு பெரிய இழப்பு! அந்த முயற்சியே நின்றுபோகலாம் என்ற நிலைமை. அப்போது தினமும் காலையில் விமானத்தைப் பறக்கும் நிலையில் கொண்டுவந்து நிறுத்தியவர்கள் இந்தச் சிப்பாய்கள்தான்.

இங்கே ஒரு தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். விமானப்படையில் ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு பதிவேடு உண்டு. ஃபார்ம் 700 என்று பெயர். பிரிட்டிஷ் காலத்தில் வந்த பெயர், இன்றும் அதே பெயர்தான். என்ஜினைப் பார்த்தவர், உடற்பகுதியைப் பார்த்தவர், மின்சாரத்தைப் பார்த்தவர் எல்லோரும் அதில் தனித்தனியாகக் கையெழுத்துப் போட வேண்டும். எல்லோரும் போட்ட பிறகுதான் விமானி கையெழுத்திட்டு விமானத்தை ஏற்றுக்கொள்வார். யோசித்துப் பாருங்கள். விமானி போல்ட்டைத் திருகிப் பார்ப்பதில்லை. அந்தக் கையெழுத்தை நம்பித்தான் ஏறுகிறார். நாம் ரேங்க் கார்டில் போடும் கையெழுத்து தவறினால் திருத்திக்கொள்ளலாம். அந்தக் கையெழுத்தைத் திருத்த இரண்டாவது வாய்ப்பு கிடையாது.

இனி 1942க்கு வருவோம். இரண்டாம் உலகப் போர். ஜப்பானியப் படை பர்மாவுக்குள் வந்துகொண்டிருக்கிறது. முதல் ஸ்குவாட்ரனின் தலைவர் கருண் கிருஷ்ண மஜும்தார். உயரமான ஆள் என்பதால் "ஜம்போ" என்று அழைப்பார்கள். பிப்ரவரி தொடக்கத்தில் ஸ்குவாட்ரன் பர்மாவில் டவுங்கூ என்ற ஊருக்குப் போய் இறங்கியது. உடனேயே ஜப்பானிய விமானங்கள் வந்து அந்த விமானதளத்தில் குண்டு வீசின.

நம்மவர்களிடம் இருந்த விமானம் லைசாண்டர். அது சண்டைக்குச் செய்த விமானமே அல்ல. தரைப்படைக்கு உதவியாக வேவு பார்க்கவும் செய்தி கொண்டுபோகவும் செய்தது. மெதுவாகப் போகும். ஹர்ஜிந்தர் சிங் அப்போது வாரண்ட் ஆபீசர். அவரும் அவருடைய ஆட்களும் அந்த விமானத்தில் 250 பவுண்டு குண்டுகளைத் தாங்கும்படி மாற்றங்கள் செய்தார்கள். ஒரு குண்டு ஏறத்தாழ 113 கிலோ. நம் ஊர்க் கணக்கில் இரண்டு அரிசி மூட்டைக்கும் மேல். அப்படி இரண்டு குண்டுகளைத் தூக்கிக்கொண்டு மஜும்தார் தாய்லாந்தில் இருந்த மே ஹாங் சான் விமானதளத்தைத் தாக்கினார். மறுபடியும் ஸ்குவாட்ரனே திரண்டு போய்த் தாக்கியது. வேவு பார்க்கும் விமானம் குண்டுவீச்சு விமானமாகிவிட்டது.

மஜும்தாருக்கு டி.எஃப்.சி. என்ற வீரப் பதக்கம் கிடைத்தது. மெக்கானிக்குக்கு என்ன கிடைத்தது என்று கேட்பீர்கள். இந்த முறை உலகம் கொஞ்சம் நியாயமாக நடந்துகொண்டது. ஹர்ஜிந்தர் சிங்குக்கு எம்.பி.இ. விருது கொடுத்தார்கள். போர்க்காலத்திலேயே அதிகாரியாகவும் உயர்த்தினார்கள்.

சுதந்திரம் வந்தது. 1947இல் பிரிவினை. விமானப்படையும் இரண்டாகப் பிரிந்தது. டிரிக் ரோடு, மிரான்ஷா எல்லாம் எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்டன. நம்மிடம் பெரிய குண்டுவீச்சு விமானமே இல்லை. கான்பூரில் லிபரேட்டர் என்ற நான்கு என்ஜின் விமானங்கள் கிடந்தன. போர் முடிந்ததும் யாருக்கும் பயன்படாமல் போகட்டும் என்று வேண்டுமென்றே சிதைத்து விட்டுப் போனவை. நம் ஆட்கள் என்ன செய்தார்கள்? ஒன்றிலிருந்து இறக்கை, இன்னொன்றிலிருந்து சக்கரம், மற்றொன்றிலிருந்து கருவி என்று எடுத்துப் பறக்கும் அளவுக்குத் தேற்றினார்கள். ஜம்ஷெட் முன்ஷி என்ற விமானி அவற்றை ஒவ்வொன்றாகப் பெங்களூருக்கு ஓட்டிப் போனார். அங்கே ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில் முழுமையாகச் சரிசெய்தார்கள். 1948 நவம்பரில் அவை படையில் சேர்ந்தன. 1968 வரை பறந்தன. குப்பை என்று வீசியதை இருபது ஆண்டு ஓட்டியது வேறு யாருமல்ல, நம் ஃபிட்டர்கள்தான்.

1955இல் அதே கான்பூரில் விமானப்படையின் பராமரிப்புப் பிரிவு தனிக் கட்டளையகமாகத் தொடங்கப்பட்டது. அதை வளர்த்தெடுத்தவர் ஹர்ஜிந்தர் சிங்தான். சிப்பாயாகச் சேர்ந்தவர் ஏர் வைஸ் மார்ஷல் ஆனார். ராணுவத்தில் இருக்கும் பிள்ளைகளுக்குத் தெரியும், இது எத்தனை படிகள் என்று. பழுது பார்ப்பதோடு அவர் நிற்கவில்லை. நாமே செய்வோம் என்றார். அவருடைய முயற்சியில் கான்பூர்-1 என்ற நான்கு பேர் அமரும் சிறு விமானத்தை விமானப்படையின் பட்டறையிலேயே செய்து 1960இல் பறக்கவிட்டார்கள். ஆவ்ரோ 748 என்ற போக்குவரத்து விமானத்தைத் தயாரிக்கும் கூடமும் அங்கேயே அமைந்தது.

இப்போது இந்தக் கதை ஏன் என்று சொல்கிறேன். விமானப்படையில் எல்லோரும் விமானிகள் அல்ல. விமானியாவது சிலர்தான். அந்தச் சிலருக்குப் பின்னால் ஏர்மேன்கள் என்ற பெரும் கூட்டம் உழைக்கிறது. நம் தாம்பரத்திலேயே அவர்களுக்கு இயந்திரப் பயிற்சி தரும் நிலையம் இருக்கிறது. கோவைக்குப் பக்கத்தில் சூலூரில் விமானங்களைப் பழுது பார்க்கும் டிப்போ இருக்கிறது. என்னிடம் படித்தவர்களில் ஒருவன் இருபது வருடம் என்ஜின் ஃபிட்டராக இருந்துவிட்டு சார்ஜண்ட்டாக ஓய்வு பெற்றான். பெயர் போட வேண்டாம் டீச்சர் என்று சொல்லிவிட்டான்.

அவன் சொன்ன ஒரு சம்பவம். ஒரு நாள் மாலை வேலை முடிந்து கருவிகளை எண்ணியபோது ஒரு ஸ்குரூ டிரைவர் குறைந்தது. விரல் நீளம்தான் இருக்கும். உடனே அன்று வேலை நடந்த விமானங்கள் எதுவும் நகரக்கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். இரவெல்லாம் டார்ச் அடித்துத் தேடினார்கள். விடியற்காலையில் ஒரு பேனலுக்கு உள்ளே கிடைத்தது. "நான்தான் கடைசியாக எடுத்தேன்" என்று அந்த மாலையே ஒரு சின்னப் பையன் முன்வந்து சொன்னதால்தான் எந்த விமானத்தில் தேடுவது என்றே தெரிந்ததாம். உண்மையைச் சொன்னவனை யாரும் திட்டவில்லை, மறைத்திருந்தால் விட்டிருக்க மாட்டார்கள் என்றான். நான் முப்பது வருடம் நீதிபோதனை வகுப்பு எடுத்தேன். இதைவிட நல்ல பாடம் சொன்னதாக நினைவில்லை.

ஆனால் அவனுக்குப் பெண் பார்த்தபோது நடந்ததையும் சொல்ல வேண்டும். "ஏர்ஃபோர்ஸ்" என்றதும் சிரித்த முகம், "ஆபீசர் இல்லையா, மெக்கானிக்கா?" என்று கேட்டதும் வாடிப்போனதாம். இரண்டு இடத்தில் அப்படியே முடிந்தது. நம் வீடுகளில் இந்த எண்ணம் இன்னும் போகவில்லை. கையில் கிரீஸ் படிந்தால் படிப்பு வீண் என்று நினைக்கிறோம். ஐ.டி.ஐ.யில் சேர்கிறேன் என்று சொல்லும் பிள்ளையை ஏதோ தோற்றுப்போனவனைப் போலப் பார்க்கிறோம். பொறியியல் படித்துவிட்டுச் சிப்பாயாகச் சேர்ந்த ஹர்ஜிந்தர் சிங் தோற்றவரா?

இப்போது அக்னிவீர் திட்டத்தில் நான்கு வருடம்தான், அதன் பிறகு கால்வாசிப் பேருக்குத்தான் வேலை தொடரும். அந்தக் கவலை நியாயமானது. பெற்றோர் அதை நன்றாக யோசித்துத்தான் முடிவெடுக்க வேண்டும். வேலை நிலைக்குமா என்று கேளுங்கள், தவறில்லை. வேலை கௌரவமா என்று மட்டும் கேட்காதீர்கள். இப்போது பெண் பிள்ளைகளும் அந்த வரிசையில் நிற்கிறார்கள் என்பது எனக்கு மிகவும் சந்தோஷம்.

கடைசியாக ஒரு செய்தி. முதல் ஸ்குவாட்ரனின் ஐந்து விமானிகளில் ஒருவர் சுப்ரதோ முகர்ஜி. பின்னாளில் இந்திய விமானப்படையின் முதல் இந்தியத் தளபதி ஆனவர். அவர் விமானியாக, ஹர்ஜிந்தர் சிங் சிப்பாயாக அதே ஸ்குவாட்ரனில் தொடங்கியவர்கள். 1960 நவம்பரில் முகர்ஜி டோக்கியோவில் எதிர்பாராமல் இறந்துபோனார். அடுத்த ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி கான்பூரில் உருவான முதல் ஆவ்ரோ விமானம் வானில் ஏறியது. அதற்கு வைத்த பெயர் "சுப்ரதோ".

படையில் பணிபுரிந்த, பணிபுரிகிற மாணவர்கள் இதைப் படித்தால் உங்கள் டிரேட் என்ன, எங்கே வேலை பார்த்தீர்கள் என்று கீழே எழுதுங்கள். உங்கள் பிள்ளைகளும் படிக்கட்டும். எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்