அஸ்ரக்: தாகத்தின் உரிமை யாருக்கு?

ஜோர்டானின் தலைநகர் அம்மானுக்குக் கிழக்கே சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில், கருங்கற்கள் பரவிய பாலைவனத்தின் நடுவே அமைந்துள்ளது அஸ்ரக். அரபியில் இச்சொல்லுக்கு 'நீலம்' என்பது பொருள். தென் சிரியாவின் மலைகளில் பெய்யும் மழை, எரிமலைப் பாறைகளின் ஊடே நிலத்தடியில் கசிந்து வந்து இங்கு ஊற்றுகளாகப் பெருகியது.

அந்நீரே மனிதர்களை இங்கு அழைத்து வந்தது. பின்னாளில் கலீஃபாவான உமய்யா இளவரசர் வலீத் இப்னு யஸீத், அருகிலுள்ள குஸைர் அம்ராவில் குளியல் மாளிகை ஒன்றை எழுப்பினார். அதன் சுவர்களில் காட்டுக் கழுதை வேட்டையின் ஓவியங்களை இன்றும் காணலாம். ஹிஜ்ரி 634இல் (கி.பி. 1237) இஸ்ஸுத்தீன் ஐபக் அஸ்ரக் கோட்டையைப் புதுப்பித்தார். கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் துரூஸ் மக்களும் செச்சன் முஸ்லிம்களும் இங்கு குடியேறினர்.

ஆப்பிரிக்காவுக்கும் ஐரோப்பா, ஆசியாவுக்கும் இடையே வலசை செல்லும் பறவைகளுக்கு இது இளைப்பாறும் இடம். 1967 பிப்ரவரியில் ஒரே நாளில் 3,47,000 பறவைகள் இங்கு கணக்கிடப்பட்டன. 1977இல் இது ராம்சார் உடன்படிக்கையின் கீழ்ப் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

ஆயினும் 1980களில் அம்மானின் குடிநீருக்காக இங்கிருந்து பெருமளவில் நீர் இறைக்கப்பட்டது. அகதிகளை அரவணைத்து வளர்ந்த அந்நகரின் தேவை நியாயமானதே. ஆனால் காரணம் அது மட்டுமன்று. அனுமதி பெற்றும் பெறாமலும் தோண்டப்பட்ட பாசனக் கிணறுகளும் அதே நிலத்தடி நீரை உறிஞ்சின. 1992இல் ஊற்றுகள் வற்றின. பறவைக் கூட்டங்கள் வேறிடம் நாடின. உலகில் இங்கு மட்டுமே வாழும் சிறு மீனினமான ஸிர்ஹானி, அழிவின் விளிம்பை எட்டியது.

இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் 'ஹக்குஷ் ஷஃபா' எனும் தாக உரிமையை வகுத்துள்ளனர். முதலில் மனிதரின் தாகம், அடுத்து விலங்குகளின் தாகம், அதன் பின்னரே வயலின் பாசனம் என்பது அதன் வரிசை. அஸ்ரக்கில் இவ்வரிசை தலைகீழானது. வயல்கள் முந்திக்கொள்ள, வாயற்ற உயிர்கள் வரிசையிலிருந்தே நீக்கப்பட்டன.

1994 முதல் நீரைத் திரும்பப் பாய்ச்சி, பழைய ஈரநிலத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கை மீட்டெடுக்கும் முயற்சி நடைபெறுகிறது. நாணல்கள் மீண்டும் தழைத்தன. ஸிர்ஹானி மீனும் காக்கப்பட்டது. பறவைகளும் ஓரளவு திரும்பின. ஆயினும் இயற்கையாக ஊறிய நீர் இன்று குழாய் வழியே வருகிறது. நம் ஊரிலும் ஆழ்துளைக் கிணற்றைத் தோண்டுமுன் அந்த வரிசையை ஒருமுறை நினைவுகூர்வது நம் கடமையாகும்.