ஆன்மா (இஸ்லாமியச் சிந்தனை)

மனித ஆன்மாவைக் குறிக்க இஸ்லாத்தில் ரூஹ், நஃப்ஸ் என்னும் இரு அரபுச் சொற்கள் வழங்குகின்றன. ரூஹ் என்பது ஆதமுக்குள் இறைவன் ஊதிய உயிர். அது இறைக்கட்டளையைச் சார்ந்தது, அதுபற்றி மனிதர் பெற்ற அறிவு சிறிதே என்கிறது குர்ஆன் (17:85). நஃப்ஸ் என்பது ‘தான்’ என்னும் அகம்.

நிலைகள்: தீமைக்குத் தூண்டும் அம்மாரா (12:53), தன்னையே கடிந்துகொள்ளும் லவ்வாமா (75:2), அமைதியடைந்த முத்மயின்னா (89:27) என நஃப்ஸ் மூன்று நிலைகளில் பேசப்படுகிறது. இறப்புக்கும் மறுமைக்கும் இடைப்பட்ட நிலை பர்ஸக்.

சிந்தனையாளர்: இப்னு சீனா (980–1037) ஆன்மாவை உடலுக்கு அப்பாற்பட்ட பொருளாகக் கொண்டார். புலன்கள் எதையும் உணராமல் வெளியில் மிதப்பவனும் தான் இருப்பதை அறிவான் என்பது அவர் வாதம். கஸ்ஸாலி (இறப்பு 1111) உள்ளத்தைக் கண்ணாடிக்கு ஒப்பிட்டார்; இறைநினைவு அதைத் துலக்கும். தமிழில் தக்கலை பீர் முகம்மது அப்பா, குணங்குடி மஸ்தான் சாகிபு ஆகியோர் உள்ளம் துலங்கும் இந்த அகப்பயணத்தைப் பாடினர்.

மேல்கோட்டை மரபு: ஆன்மா இறைவனுடன் கலக்குமா என்ற கேள்வியை, இஸ்லாமியப் பெண் ஒருத்தியைப் பற்றிய வைணவக் கதையும் எழுப்புகிறது. வைணவர் திருநாராயணபுரம் என்றழைக்கும் மேல்கோட்டையில், உற்சவர் செல்வப்பிள்ளையின் திருவடியில் பீபி நாச்சியார் வீற்றிருக்கிறார். வைணவ ஆசாரியர் இராமானுசர் மீட்டுவந்த அந்த மூர்த்தியைப் பிரிய மனமின்றிப் பின்தொடர்ந்த தில்லி சுல்தானின் மகளான இவர், அம்மூர்த்தியுடன் ஒன்றிக் கலந்தார் என்பது அக்கதை. தில்லி சுல்தானகம் இராமானுசர் காலத்துக்குப் பின், 1206-இல் தோன்றியதால் இதை வரலாறாகக் கொள்வது கடினம். கதை சொல்லும் இந்தக் கலப்புக்கு மாறாக, இஸ்லாமியப் பொதுக்கொள்கையில் ஆன்மா படைக்கப்பட்டது. இறைவனிடம் திரும்புமேயன்றி இறைவனாகாது. ‘தான்’ அழியும் சூஃபிகளின் ஃபனா நிலையே இக்கதைக்கு மிக அருகில் நிற்பது.