ஒரு குறியெண், நான்கு அட்டவணைகள்: வண்ண எமோஜி எழுத்துருக்களின் வரலாறு

எமோஜிகளை மொழித்தரவாகக் கொள்ளும் ஆய்வாளர், அவற்றைத் திரையில் வரையும் எழுத்துருக் கோப்பின் வரலாற்றையும் அறிந்திருத்தல் வேண்டும். 1999இல் ஜப்பானின் என்.டி.டி. டொகொமோ நிறுவனத்திற்காக ஷிகெடாகா குரிடா வடிவமைத்த 176 உருக்கள், ஒவ்வொன்றும் 12க்கு 12 புள்ளிகள் கொண்ட கட்டத்துள் அமைந்தவை. அந்நாட்டின் பிற செல்பேசி நிறுவனங்கள் வேறு குறியெண்களைக் கையாண்டமையால், ஒரு நிறுவனத்தின் உரு மற்றொன்றின் கருவியில் சிதைந்தது. (ஒருங்குறிக்கு முன் தட்டச்சிட்ட தமிழ்க் கோப்புகளை இன்று திறந்து பார்ப்போர் இவ்விடரை நன்கறிவர்.) 2010 அக்டோபரில் வெளிவந்த ஒருங்குறி 6.0 பதிப்பு இவ்வுருக்களுக்குப் பொதுக் குறியெண்களை வழங்கியது. அதன்பின் சிக்கல் குறியெண்ணிலிருந்து எழுத்துருவுக்கு இடம்பெயர்ந்தது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

எழுத்துரு என்பது பெரும்பாலும் நிறமற்ற புறவரைகளின் தொகுப்பாகவே இருந்துவந்தது. நிறத்தையும் கோப்பினுள் வைக்க ஒவ்வொரு நிறுவனமும் தனிவழி கண்டது. ஆப்பிள் நிறுவனம் எஸ்.பி.ஐ.எக்ஸ். என்னும் அட்டவணையில் பி.என்.ஜி. படங்களை அளவுவாரியாக அடுக்கியது. கூகுளும் அத்தகைய படங்களையே கொண்டது. எனினும் அவற்றைச் சி.பி.டி.டி. என்னும் வேறோர் அட்டவணையில் வைத்து, 2013இல் ஆண்ட்ராய்டு 4.4உடன் வழங்கியது. அதே ஆண்டில் மைக்ரோசாஃப்ட், ஒற்றை நிறப் புறவரைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் சி.ஓ.எல்.ஆர். முறையை விண்டோஸ் 8.1இல் கொணர்ந்தது. மொசில்லாவும் அடோபியும் எஸ்.வி.ஜி. ஓவியங்களை முன்வைத்தன. இவற்றுள் மைக்ரோசாஃப்டின் முறை தனித்துக் கருதத்தக்கது. அதனை அறியாத மென்பொருளும் அடிப்படைப் புறவரையைக் கறுப்பு வெள்ளையிலேனும் காட்டிவிடும். படங்களை மட்டுமே கொண்ட கோப்பிலோ, அம்முறை அறியாத கருவிக்கு வரைவதற்கு ஏதுமில்லை; வெற்றிடமோ வெறுங்கட்டமோதான் எஞ்சும்.

ஓப்பன்டைப் தரநிலை இவற்றுள் ஒன்றைத் தேர்ந்திருக்கலாம். ஆனால் 2015இல் 1.7 பதிப்பில் மூன்று முறைகளையும், 2016இல் 1.8 பதிப்பில் ஆப்பிளின் முறையையும் ஏற்றுக்கொண்டது. இதனைத் தரப்படுத்தல் என்பதினும் வேறுபாட்டைப் பதிவுசெய்தல் என்பதே பொருந்தும்.

இயங்குதளந்தோறும் எழுத்துரு வேறுபடுவதன் விளைவு தோற்றத்தோடு நிற்பதில்லை. 2016இல் ஐ.ஓ.எஸ். 10இல் ஆப்பிள் கைத்துப்பாக்கி உருவை நீர்த்துப்பாக்கியாக மாற்றியது, குறியெண் மாறவில்லை. அதற்கு முந்தைய ஆண்டில் ஒருவர் அனுப்பிய கைத்துப்பாக்கியை இன்றைய கருவி விளையாட்டுப் பொருளாகக் காட்டுகிறது. சமூக ஊடகத் தரவைத் தொகுப்பவர் குறியெண்ணோடு அனுப்பிய காலத்தையும் இயங்குதளத்தையும் பதிவுசெய்யாவிடில், தாம் ஆராய்வது அனுப்பியவர் கண்ட உருவையா, தம் திரை காட்டும் உருவையா என்பதை நிறுவ இயலாது.