பங்காளி என்றால் யார்?

தமிழில் ஒரு வேடிக்கையான சொல் இருக்கிறது: பங்காளி. அப்பன் சொத்தில் பாகம் கேட்டுக் கோர்ட்டுக்குப் போகும் சித்தப்பா மகனும் பங்காளிதான். கடையில் முதல் போட்ட சிநேகிதனும் பங்காளிதான். முதல் பங்காளி பிறப்பால் வருகிறான். இரண்டாமவனை நாமே தேடிப் போய்ச் சேர்த்துக்கொள்கிறோம். சிக்கலும் அங்கேதான்!

திண்டுக்கல் சுருட்டுக்கு ஒரு காலத்தில் சீமை வரைக்கும் மவுசு. இங்கே சுருட்டுத் தொழிற்சாலை நடத்திய கம்பெனிகளில் ஒன்று ஸ்பென்சர். மெட்ராஸில் 1860களில் அந்தக் கடையைத் தொடங்கியவர்கள் இரண்டு பேர்... சார்லஸ் டூரன்ட், ஜே.டபிள்யூ. ஸ்பென்சர். டூரன்ட்டை இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? பிற்பாடு நிறுவனமே யூஜின் ஓக்‌ஷாட் என்பவர் கைக்குப் போனது. பலகையில் மட்டும் ஸ்பென்சர் பெயர் நிலைத்துவிட்டது. ஆள் மாறினாலும் பெயர் நிற்கும். ஆனால், யாருக்கு என்ன பங்கு, யார் கடனுக்கு யார் பொறுப்பு? அதைப் பெயர்ப்பலகை சொல்லாதே!

அதற்குத்தான் சட்டம் வந்தது. 1872-ல் வந்த இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் கூட்டு வியாபாரம் ஓர் அத்தியாயமாக இருந்தது. அது போதவில்லை என்று 1932-ல் தனியாகவே ஒரு கூட்டாண்மைச் சட்டம் போட்டார்கள். இன்றைக்கும் அதுதான் நடைமுறையில் இருக்கிறது.

திண்டுக்கல்லில் ஒருவர் தனி ஆளாகப் பூட்டுக் கடை வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இருபது வருஷ உழைப்பு. நண்பர் ஐந்து லட்ச ரூபாயோடு வருகிறார். "நமக்குள்ள என்னடா கணக்கு, பார்த்துக்கலாம்" என்று இருவரும் கை கொடுத்துக்கொள்கிறார்கள். பத்திரம் கிடையாது.

செல்லுமா? செல்லும். வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான். ஆனால், வேறுவிதமாகப் பேசிக்கொள்ளாவிட்டால் சட்டம் தானே ஒரு கணக்குப் போட்டுவிடும். லாபமும் நஷ்டமும் சரிபாதி. நாள் முழுக்கக் கடையில் உட்கார்ந்தவருக்குச் சம்பளம் கிடையாது. முதலுக்கு மேல் ஒருவர் கூடுதலாகப் போட்ட பணத்துக்கு ஆண்டுக்கு 6 சதவிகித வட்டி, அவ்வளவுதான். இருபது வருஷ உழைப்புக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை!

இதைவிடப் பெரிய ஆபத்து கடன். வியாபாரத்துக்காக நண்பர் பித்தளைத் தகடு கடனாக வாங்கிப் பணம் கட்டவில்லை என்றால், கடன்காரர் முழுத் தொகையையும் உங்களிடமே கேட்கலாம். கடைச் சரக்கு போதாவிட்டால் உங்கள் வீடும் நிலமும்கூடத் தப்பாது. "நான் கையெழுத்துப் போடலையே" என்றெல்லாம் அங்கே சொல்ல முடியாது.

சரி, பிடிக்கவில்லை என்று விலகிவிட்டால்? அதையும் ஊரறியச் சொல்ல வேண்டும். 'இன்ன தேதி முதல் இன்னார் எங்கள் நிறுவனத்தின் பங்குதாரர் அல்ல' என்று பேப்பரில் வருகிற சின்ன அறிவிப்பைப் பார்த்திருப்பீர்கள். சண்டையைத் தமுக்கு அடிப்பதற்காக அல்ல அது. அப்படி அறிவிக்காதவரை, பழைய வாடிக்கைக்காரர் கொடுக்கும் புதுக் கடனுக்கும் விலகியவரே பொறுப்பாகலாம்.

கூட்டைப் பதிவு செய்வது கட்டாயமில்லை. ஆனால் பதிவு செய்யாத நிறுவனம், பாக்கி வைத்த வெளியாள்மீது ஒப்பந்தப்படி வழக்குப் போட முடியாது. அவன் உங்கள்மீது போடலாம்! எப்படி இருக்கிறது நியாயம்?

வீடு வாசலைக் காப்பாற்றிக்கொண்டு கூட்டுச் சேர ஒரு வழியை 2008-ல் திறந்தார்கள். வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மை, அதாவது எல்.எல்.பி. இதில் பொதுவாக, நிறுவனத்தின் கடன் பங்குதாரரின் சொந்தச் சொத்தைத் தொடாது. பதிவு, வருடாந்திரக் கணக்கு என்று வேலை கொஞ்சம் அதிகம்.

எதுவாக இருந்தாலும் எழுத வேண்டியவை இவைதாம்: யார் எவ்வளவு போட்டார்கள், யாருக்கு எத்தனை பங்கு, யாருக்குச் சம்பளம், யார் கடன் வாங்கலாம், ஒருவர் விலகினால் அல்லது இறந்தால் என்ன செய்வது, பெயர்ப்பலகை யாருக்கு.

"நம்பிக்கை இல்லாமலா எழுதச் சொல்றே?" என்று நண்பர் முகம் சுளிக்கலாம். 'ஆத்துல போட்டாலும் அளந்து போடு' என்றார்கள் நம் பெரியவர்கள். இருவரும் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே அளந்துவிடுவது நல்லது. சண்டை வந்த பிறகு அளக்க உட்கார்ந்தால், படி அவரவர் கையில் அவரவர் அளவுக்கு இருக்கும்.