ஒரு சோறு பதமாகுமா?

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் இல்லங்களில் நாள்தோறும் வழங்கும் பழமொழி. அடுக்களைக்கு அது பொருந்தும். பானையிலுள்ள அரிசி முழுவதும் ஒரே நீரில், ஒரே நெருப்பில், ஒரே நேரத்தில் வெந்தது. ஆகவே ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்தால் போதும். மாந்தர் வாழும் ஊர்களோ, சமுதாயங்களோ அவ்வாறு ஒரே உலையில் வெந்தவை அல்ல. எனினும் ஓர் ஊரைக் கண்டு நாட்டையும், ஒரு குடும்பத்தைக் கண்டு சமுதாயத்தையும் எடைபோடும் வழக்கம் நம்மை விட்டு நீங்கவில்லை. இவ்வழக்கத்தைத் திருத்த அறிஞர்கள் வகுத்த ஒப்பீட்டு நெறியின் வரலாற்றை இங்கு சிறிது நோக்குவோம்.

நம் முன்னோர்க்கு இந்நெறி புதிதன்று. ஹதீஸ் கலை வல்லுநர்கள் ஒரு செய்தி ஒருவர் வழியாக வந்தது என்ற அளவில் அமைதி கொண்டுவிடவில்லை. அதே செய்தி வேறு எத்தனை அறிவிப்பாளர் வரிசைகளில் வந்துள்ளது எனத் தேடித் திரட்டினர். அவற்றை அருகருகே வைத்து, எங்கே ஒத்துள்ளன, எங்கே வேறுபடுகின்றன, யாரிடத்தில் பிழை புகுந்தது என ஆய்ந்தனர். ஹிஜ்ரி 779இல், அதாவது கி.பி. 1377இல், தம் முகத்திமாவை எழுதி முடித்த இப்னு கல்தூன், இந்தக் கண்டிப்பை வரலாற்றுத் துறையிலும் வேண்டினார். வரலாற்றாசிரியர்கள் கேட்டதை நிறுத்துப் பாராமல் எழுதிவிடுகின்றனர் என அவர் கண்டித்தார். மேலும், ஒப்பிடும்போது காலத்தாலும் இடத்தாலும் நிலைமைகள் மாறிவிடுவதை மறந்துவிடலாகாது எனவும் எச்சரித்தார். ஒப்பீட்டின் பயனையும் இடரையும் ஒருங்கே உணர்ந்த பேரறிஞர் அவர்.

மேலை நாட்டில் இந்நெறிக்கு விதிகள் வகுத்தவர்களுள் தலையாயவர் ஜான் ஸ்டூவர்ட் மில். 1823 முதல் 1858 வரை கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் பணியாற்றிய இவர், 1843இல் தருக்கவியல் பற்றிய தம் பெருநூலை வெளியிட்டார். ஒரே விளைவு தோன்றிய பல இடங்களில் பொதுவாக இருப்பது யாது எனக் காண்பது ஒரு வழி. மற்றெல்லாம் ஒத்திருந்தும் விளைவில் மட்டும் வேறுபடும் இரு இடங்களில், எது ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லை எனக் காண்பது இன்னொரு வழி. ஒன்று தவிர அனைத்திலும் ஒத்த இரு நாடுகள் கிடைப்பதரிது என்பதால், சமுதாய ஆய்வில் இவ்விதிகளை நேரே பொருத்த இயலாது என்பதையும் மில் மறைக்கவில்லை.

இந்நெறிக்குத் தமிழகம் களமான வரலாறு சுவையானது. 1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராகப் பொறுப்பேற்ற கில்பர்ட் ஸ்லேட்டர், தம் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பினார். அனைவர் கையிலும் ஒரே வினாநிரல். நிலம் யாரிடம் உள்ளது, கூலி என்ன, கடன் எவ்வளவு என எல்லா ஊர்களிலும் ஒரே கேள்விகள் கேட்கப்பட்டன. தென்னார்க்காட்டு இருவேல்பட்டு, இராமநாதபுர மாவட்டத்து வடமலைபுரம், திருநெல்வேலிக் கங்கைகொண்டான், தஞ்சைப் பாலகுறிச்சி, வடஆர்க்காட்டுத் தூசி முதலிய ஊர்கள் பற்றிய அவ்விவரங்கள் 1918இல் நூலாயின. 1936-37இல் பி.ஜே. தாமஸ், கே.சி. இராமகிருஷ்ணன் ஆகியோர் பொறுப்பில் அவ்வூர்கள் மீண்டும் ஆராயப்பட்டன. 1961இல் மார்கரெட் ஹாஸ்வெல் அம்மையாரும், 1980களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தாரும் அவ்வழியே சென்றனர். ஊரோடு ஊரை மட்டுமன்றி, ஓர் ஊரை அதன் நேற்றோடும் ஒப்பிட இதனால் இயன்றது. கேள்வி ஒன்றாக இருந்ததே அம்முயற்சியின் உயிர்நாடி எனலாம்.

இனி நம் அருகிலுள்ள ஊர்களையே எடுத்துக்கொள்வோம். சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்னும் மூன்றும் அண்டை ஊர்கள். இவற்றுள் பழம்பெருமை பூந்தமல்லிக்கே உரியது. திருக்கச்சி நம்பிகள் பிறந்த ஊர் அது. 17ஆம் நூற்றாண்டில் கோல்கொண்டா ஆட்சியினர் இப்பகுதியில் கோலோச்சிய இடமும் அதுவே. எனினும் 1960களில் பெருந்தொழில்கள் சென்றது மற்ற இரண்டுக்கும்தான். ஆவடியில் 1961இல் கனரக ஊர்தித் தொழிற்சாலை நிறுவப்பெற்று, 1965இல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. அம்பத்தூரில் 1964இல் தொழிற்பேட்டை அமைந்தது. காரணம் என்ன எனக் கேட்டால், ரயில் என்று உடனே விடை வரும். 1856 ஜூலை 1ஆம் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடத் தொடங்கிய தென்னகத்தின் முதல் பயணிகள் இருப்புப்பாதை அம்பத்தூர், ஆவடி வழியாகவே சென்றது, பூந்தமல்லியைத் தொடவில்லை. மில்லின் இரண்டாம் விதிப்படி விடை முடிந்தது போலத் தோன்றும்.

ஆயின் இன்னும் இரண்டு ஊர்களைச் சேர்த்துப் பார்த்தால் அவ்விடை ஆட்டம் காண்கிறது. ஆவடிக்கு அப்பால், அதே பாதையில் உள்ளது திருநின்றவூர். அங்கும் ரயில் உண்டு, தொழிற்பேட்டை வரவில்லை. பூந்தமல்லிக்கு அப்பால், பெங்களூர் நெடுஞ்சாலையில் உள்ளது இருங்காட்டுக்கோட்டை. அங்கு ரயில் நிலையம் இல்லை; ஆயினும் 1998இல் ஹூண்டாய் கார்கள் அங்கு உருவாகத் தொடங்கின. ஆகவே, ரயில் இருந்தால் போதும் என்பதும் தவறு; ரயில் இன்றி இயலாது என்பதும் தவறு.

அவ்வாறாயின் மூன்று தொழில் ஊர்களுக்கும் பொதுவானது யாது? பரந்த நிலத்தை ஒருசேர எடுத்துத் தொழிலுக்கென ஒதுக்கிய அரசின் முடிவு. ஆவடியில் அது மத்திய அரசின் பாதுகாப்புத் துறை. மற்ற இரண்டிலும் மாநில அரசு. அம்பத்தூருக்குத் தனியார் சைக்கிள் தொழிற்சாலை முன்னரே வந்திருந்ததால், அரசின் முடிவு ஒன்றே எல்லாம் செய்தது எனவும் கூறிவிட இயலாது. அம்முடிவோடு அந்தந்தக் காலத்தின் போக்குவரத்தும் கூட வேண்டும். 1960களில் அது இருப்புப்பாதை, 1990களில் நெடுஞ்சாலை. காரணம் தனித்து நிற்பதில்லை, சேர்ந்தே வேலை செய்கிறது. அமெரிக்கச் சமூகவியலார் சார்லஸ் ரேகின் 1987இல் வெளியிட்ட நூலில் வற்புறுத்தியது இதுவே. ஒவ்வோர் இடத்துக்கும் ஒவ்வொரு காரணமும் உண்டா, இல்லையா எனப் பட்டியலிட்டு, எந்தச் சேர்க்கை விளைவைத் தருகிறது எனக் காணும் முறையை அவர் வகுத்தளித்தார்.

ஊர்களைப் பற்றிய பேச்சில் தவறு நேர்ந்தால் இழப்புச் சிறிது. சமுதாயத்தைப் பற்றிய பேச்சில் நேர்ந்தால் இழப்புப் பெரிது. முஸ்லிம்கள் கல்வியில் பின்தங்கியிருப்பதற்கு அவர்தம் மார்க்கமே காரணம் என்ற பழிச்சொல்லை நாம் பலகாலும் கேட்டிருக்கிறோம். 2001ஆம் ஆண்டுக் குடிக்கணக்கை அருகருகே வைத்துக் காண்போம். இந்தியா முழுமைக்கும் எழுத்தறிவு 64.8 விழுக்காடு, முஸ்லிம்களிடம் 59.1. உத்தரப் பிரதேச முஸ்லிம்களிடம் 47.8. தமிழகத்திலோ மாநிலம் முழுமைக்கும் 73.5, முஸ்லிம்களிடம் 82.9. மார்க்கம் ஒன்றே, விளைவு வேறு. மாறாத ஒன்று மாறும் விளைவுக்குத் தனிக் காரணமாகாது. பழிச்சொல் இங்கே வீழ்கிறது.

பழியை வீழ்த்திய அதே தராசில் நம் பெருமிதத்தையும் நிறுத்தல் வேண்டும். தமிழக முஸ்லிம்களில் பெரும்பான்மையோர் நகர்வாழ்நர். அதே ஆண்டில் தமிழக நகர்ப்புற மக்கள் அனைவரின் எழுத்தறிவே 82.5 விழுக்காடு. நகரோடு நகரை வைத்துப் பார்த்தால் நம் முந்துதல் ஏறத்தாழ மறைந்துவிடுகிறது. அப்படியானால் நகர்வாழ்வுதான் காரணமா? அதுவும் அன்று. உத்தரப் பிரதேச முஸ்லிம்களும் அம்மாநிலத்துப் பிறரைவிட மிகுதியாக நகரங்களில் வாழ்பவர்களே. ஆயினும் அவர்கள் மாநிலச் சராசரியான 56.3க்குக் கீழேயே நின்றனர். இங்கும் காரணங்கள் சேர்ந்தே வேலை செய்துள்ளன. நகர்வாழ்வோடு, ஊர்தோறும் அரசு திறந்த பள்ளிகளும், 1920களிலிருந்து வளர்ந்துவந்த வகுப்புவாரி உரிமையும், 1956இல் பரவலாகத் தொடங்கிய மதிய உணவும், 1919இல் வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியையும் 1951இல் திருச்சி ஜமால் முகம்மது கல்லூரியையும் சென்னைப் புதுக்கல்லூரியையும் எழுப்பிய வணிகப் பெருமக்களின் கொடையும் கலந்தன என்று கருத இடமுண்டு. இவற்றுள் எது எவ்வளவு என அறிய இன்னும் பல ஊர்களை ஒப்பிட்டாக வேண்டும்.

அவ்வேலை பல்கலைக்கழகங்களுக்கு மட்டும் உரியதன்று. ஒவ்வொரு மஹல்லாவிலும் குடும்பப் பதிவேடு இருக்கிறது. பத்து வகுப்பு முடித்த பெண் பிள்ளைகள் எத்தனை பேர், இடையில் நின்றவர் எத்தனை பேர், நின்றதற்கு வீட்டார் கூறும் காரணம் யாது என்னும் மூன்று கேள்விகளை, சொல் மாறாமல், அம்பத்தூர் ஜமாஅத்தும் ஆவடி ஜமாஅத்தும் பூந்தமல்லி ஜமாஅத்தும் ஒரே மாதத்தில் கேட்டுக் குறித்து வைக்கட்டும். ஐந்தாண்டுகளுக்குப் பின் மீண்டும் அவற்றையே கேட்கட்டும். ஓரிடத்துக் குறை எங்கும் உள்ளதா, ஓரிடத்து நலம் மற்ற இடத்துக்கும் பெயருமா என்பது அப்போது விளங்கும். எந்தப் பிள்ளைக்கு எந்த உதவி வேண்டும் என்பதையும், யூகத்தால் அன்றி, கணக்கால் அறிந்து செய்ய நம்மால் இயலும்.