எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை: முறைகளின் வரலாறும் மருத்துவர் தேர்வும்

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை என்பது கடுமையான உடற்பருமன் உள்ளவர்களுக்கு இரைப்பையின் கொள்ளளவைக் குறைத்தோ, சிறுகுடலில் உணவு செல்லும் வழியை மாற்றியோ, இரண்டையும் சேர்த்தோ செய்யப்படும் சிகிச்சையாகும். மருத்துவத் துறையில் இது பேரியாட்ரிக் அறுவை சிகிச்சை எனப்படுகிறது. எடை என்று பொருள்படும் 'பாரோஸ்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது.

1950களில் அமெரிக்காவில் தொடங்கிய இச்சிகிச்சை இன்று தமிழ்நாட்டின் பெருநகரங்களிலும் அவற்றைச் சூழ்ந்த மாவட்டங்களிலும் செய்யப்படுகிறது. எந்த முறை சிறந்தது, யாரிடம் செய்துகொள்வது என்ற இரு கேள்விகளுக்கும் கடந்த எழுபது ஆண்டுகளில் விடைகள் பலமுறை மாறியுள்ளன. ஒரு காலத்தில் பெரிதும் போற்றப்பட்ட முறைகள் சில, நோயாளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த பிறகு கைவிடப்பட்டன. முறை, மருத்துவர், மருத்துவமனை, தொடர் கண்காணிப்பு ஆகிய நான்கையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது இவ்வரலாறு தரும் பாடமாகும்.

தொடக்ககால முறைகள்

1954இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரெமன், லின்னர், நெல்சன் ஆகியோர் சிறுகுடலின் பெரும்பகுதியை உணவுப் பாதையிலிருந்து விலக்கும் முறையை அறிவித்தனர். உணவு உறிஞ்சப்படும் குடலின் நீளம் குறைவதால் எடை விரைவாகக் குறைந்தது. 1960களிலும் 1970களிலும் இம்முறையின் பல வடிவங்கள் பரவின. ஆனால் ஆண்டுகள் செல்லச்செல்ல ஓயாத வயிற்றுப்போக்கு, சிறுநீரகக் கற்கள், சத்துக்குறைபாடு, கல்லீரல் செயலிழப்பு ஆகியவை தெரியவந்தன. பலருக்கு மீண்டும் அறுவை செய்து குடலைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. இதனால் இம்முறை கைவிடப்பட்டது.

அயோவா பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் மேசன் வேறு வழியில் சென்றார். வயிற்றுப்புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதி அகற்றப்பட்டவர்கள் எடை கூடாமல் இருப்பதை அவர் கவனித்தார். சிகாஷி இட்டோவுடன் சேர்ந்து 1966இல் இரைப்பை மாற்றுவழி அறுவை சிகிச்சையைத் தொடங்கினார். இரைப்பையின் மேற்பகுதியில் சிறு பை ஒன்றைப் பிரித்து, அதைச் சிறுகுடலுடன் நேரடியாக இணைப்பது இதன் அடிப்படை. பின்னாளில் நோயாளிகளின் விளைவுகளைத் தொடர்ந்து பதிவுசெய்யும் பதிவேடு ஒன்றையும் மேசன் உருவாக்கினார். ஒரு முறையின் மதிப்பை அதைச் செய்தவரின் நம்பிக்கையால் அல்ல, நோயாளிகளின் நீண்டகாலக் கணக்கால் அளக்க வேண்டும் என்ற எண்ணம் இத்துறையில் வேரூன்ற இது உதவியது. மேசனே 1980களில் முன்வைத்த, இரைப்பையைச் செங்குத்தாகத் தைத்துப் பட்டையிடும் முறையும் எடை திரும்பியதால் காலப்போக்கில் வழக்கொழிந்தது.

1991இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனம் கூட்டிய கருத்தொருமிப்பு மாநாடு, யாருக்கு இச்சிகிச்சை பொருந்தும் என்பதற்கு அளவுகோல் வகுத்தது. உடல் நிறை எண் 40க்கு மேல் உள்ளவர்களும், 35க்கு மேல் இருந்து உடற்பருமன் சார்ந்த கடும் நோய்கள் உள்ளவர்களும் தகுதியானவர்கள் எனக் கூறப்பட்டது. உடல் நிறை எண் என்பது கிலோகிராமில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண்ணாகும். 1995இல் வட கரோலினாவைச் சேர்ந்த வால்டர் போரீஸ் குழு, இரைப்பை மாற்றுவழி செய்துகொண்ட சர்க்கரை நோயாளிகளில் பெரும்பாலோருக்கு இரத்தச் சர்க்கரை இயல்புநிலைக்கு வந்ததை அறிவித்தது. அதன்பின் இச்சிகிச்சை எடையோடு வளர்சிதைமாற்ற நோய்களுக்குமான சிகிச்சையாகவும் பார்க்கப்பட்டது.

நுண்துளை முறையும் ஸ்லீவும்

வயிற்றை நீளமாகத் திறக்காமல், சிறு துளைகள் வழியாகக் கேமராவையும் கருவிகளையும் செலுத்திச் செய்யும் நுண்துளை அறுவை சிகிச்சை 1990களில் இத்துறையை மாற்றியது. 1993இல் பெல்ஜியத்தில் மிட்டிக்கு பெலாச்சூ, இறுக்கத்தை மாற்றக்கூடிய சிலிக்கோன் பட்டையை நுண்துளை வழியாக இரைப்பையில் பொருத்தினார். அதே காலத்தில் அமெரிக்காவின் விட்குரோவும் கிளார்க்கும் இரைப்பை மாற்றுவழியை நுண்துளை முறையில் செய்தனர். பட்டை முறையில் வெட்டுவதும் தைப்பதும் இல்லை என்பதால் அது வேகமாகப் பரவியது. ஆனால் பட்டை நழுவுதல், இரைப்பைச் சுவரை அரித்தல், போதிய எடை குறையாமை ஆகிய காரணங்களால் பலருக்கு அதை அகற்ற நேர்ந்தது. இன்று அதன் பயன்பாடு மிகக் குறைவு.

இரைப்பையின் வெளிவளைவுப் பகுதியை நீளவாக்கில் அகற்றி, குழாய் போன்ற பகுதியை மட்டும் விட்டுவைப்பது ஸ்லீவ் முறை. இது தனிச் சிகிச்சையாகத் தோன்றவில்லை. மிகுந்த எடையுள்ளவர்களுக்கு நீண்ட, சிக்கலான அறுவை சிகிச்சையை ஒரே அமர்வில் செய்வது ஆபத்தாக இருந்ததால், மிஷேல் கானியே உள்ளிட்டோர் அதை இரண்டு கட்டமாகப் பிரித்தனர். முதல் கட்டமான ஸ்லீவிலேயே சிலருக்குப் போதிய எடை குறைந்ததால் இரண்டாம் கட்டம் தேவைப்படவில்லை. இவ்வாறு இடைநிலை ஏற்பாடாக வந்த ஸ்லீவ், உலகில் மிகுதியாகச் செய்யப்படும் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சையாக மாறியது.

இந்தியாவில் நுண்துளை முறையில் பித்தப்பை அகற்றும் முதல் சிகிச்சையை 1990இல் மும்பையில் தெகெம்டன் உத்வாடியா செய்தார். தமிழ்நாட்டில் கோயம்புத்தூரைச் சேர்ந்த சி. பழனிவேலு இத்துறையின் முன்னோடிகளில் ஒருவர். பித்தப்பை, குடல்வால் போன்றவற்றில் பெற்ற நுண்துளைப் பயிற்சியே பின்னர் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்கு அடித்தளமாயிற்று.

முறைகளுக்கு இடையிலான வேறுபாடு

பின்லாந்தில் 240 பேரிடம் நடந்த ஸ்லீவ்பாஸ் ஆய்வின் ஐந்தாண்டு முடிவுகள் 2018இல் வெளியாயின. கூடுதல் எடையில் ஸ்லீவ் செய்தவர்கள் சராசரியாக 49 விழுக்காடும், மாற்றுவழி செய்தவர்கள் 57 விழுக்காடும் இழந்திருந்தனர். மாற்றுவழி சற்று முன்னிற்கிறது; ஆனால் வேறுபாடு பெரிதன்று. எனவே எடையைவிட நோயாளியின் பிற நிலைகளே பெரும்பாலும் முறையைத் தீர்மானிக்கின்றன.

நெஞ்செரிச்சலும் அமில எதிர்க்களிப்பும் மிகுதியாக உள்ளவர்களுக்கு ஸ்லீவ் அத்தொல்லையைக் கூட்டக்கூடும். அவர்களுக்கு மாற்றுவழியே பொதுவாகப் பொருந்தும். நீண்டகாலக் கட்டுப்படாத சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் மாற்றுவழி பரிந்துரைக்கப்படுவதுண்டு. மறுபுறம், மாற்றுவழிக்குப் பின் இரும்புச்சத்து, வைட்டமின் பி12, கால்சியம் ஆகியவை குறையும் வாய்ப்பு அதிகம். விலக்கப்பட்ட இரைப்பைப் பகுதியை வழக்கமான உள்நோக்கியால் பார்க்கவும் இயலாது. சைவ உணவு மட்டும் உண்பவர்கள் பி12 குறைபாட்டில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். அகற்றிய இரைப்பையைத் திரும்பப் பொருத்த முடியாது என்பதால் ஸ்லீவ் மீளமுடியாத முறையாகும்.

இந்தியர்களுக்கான அளவுகோல்

மேற்கத்திய அளவுகள் இந்திய உடலமைப்புக்கு முழுமையாகப் பொருந்துவதில்லை. ஒரே உடல் நிறை எண்ணில் இந்தியர்களுக்கு வயிற்றுக் கொழுப்பும் சர்க்கரை நோய் வாய்ப்பும் மிகுதி. இதனால் 2009இல் வெளியான இந்திய மருத்துவர்களின் கருத்தொருமிப்பு அறிக்கை, 25ஐ உடற்பருமனின் தொடக்கமாகக் கொண்டது. அறுவை சிகிச்சைக்கு 37.5 அல்லது, சார்நோய்கள் இருந்தால், 32.5 என்ற அளவைப் பரிந்துரைத்தது. 2022இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டுதல் 35க்கு மேல் உள்ள அனைவருக்கும் சிகிச்சையைப் பரிந்துரைத்ததுடன், ஆசியர்களுக்கு 27.5 முதலே இச்சிகிச்சையைக் கருதலாம் என்றது.

காப்பீட்டு அளவு இதிலிருந்து வேறுபடுகிறது. இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் வகுத்த நெறிப்படி, நோயாளி 18 வயது நிரம்பியவராகவும், உடல் நிறை எண் 40 அல்லது அதற்கு மேலாகவும் இருக்க வேண்டும். இதய நோய், கடும் உறக்க மூச்சுத்தடை, கட்டுப்படாத சர்க்கரை நோய் போன்றவை இருந்தால் 35 போதும். பிற வழிகளில் எடை குறைக்க முயன்று பலன் கிடைக்காமல் இருந்திருக்கவும் வேண்டும். மருத்துவ நோக்கில் தகுதி பெறும் ஒருவர் காப்பீட்டு நோக்கில் தகுதி பெறாமல் போகலாம். அத்தகையோர் செலவு முழுவதையும் தாமே ஏற்க நேர்வதால், குறைந்த கட்டணம் என்ற ஒன்றே மருத்துவமனையைத் தீர்மானிக்கும் காரணமாகிவிடும் அபாயம் உண்டு.

மருத்துவரின் திறன் பற்றிய ஆய்வுகள்

மருத்துவருக்கு மருத்துவர் விளைவுகள் எவ்வளவு வேறுபடும் என்பதை 2013இல் பிர்க்மேயர் குழு மிச்சிகன் மாநிலத்தில் ஆராய்ந்தது. 20 அறுவை மருத்துவர்கள் தாம் செய்த இரைப்பை மாற்றுவழிச் சிகிச்சையின் காணொளியை அளித்தனர். யார் செய்தது என்று தெரியாமல் சக மருத்துவர்கள் அவற்றுக்கு மதிப்பெண் இட்டனர். திறன் மதிப்பெண்ணில் கடைசிக் கால்பகுதியினரின் நோயாளிகளில் 14.5 விழுக்காட்டினருக்குச் சிக்கல்கள் ஏற்பட்டிருந்தன. முதல் கால்பகுதியினரிடம் அது 5.2 விழுக்காடு. இறப்பு விகிதம் முறையே 0.26, 0.05 விழுக்காடு.

2016இல் வந்த தொடர் ஆய்வு இதற்கு மறுபக்கத்தைக் காட்டியது. ஓராண்டுக்குப் பின் எடைக் குறைவிலும் சார்நோய்கள் நீங்குவதிலும் திறன் மிக்கவர்கள் மற்றவர்களைவிட முன்னிற்கவில்லை. கைத்திறன் நோயாளியை அறுவை அரங்கிலிருந்தும் முதல் சில வாரங்களிலிருந்தும் பாதுகாப்பாகக் கடத்துகிறது. அதன்பின் பலனை நிலைநிறுத்துவது உணவு, சத்து மாத்திரைகள், உடற்பயிற்சி, தொடர் பரிசோதனை ஆகியவையே.

சான்றிதழ்களின் மதிப்பும் விவாதத்துக்கு உள்ளானது. அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீடு 2006இல் சான்று பெற்ற மையங்களில் செய்யும் சிகிச்சைக்கு மட்டுமே பணம் தரும் என விதித்தது. சான்றால் மட்டும் விளைவுகள் மேம்பட்டன என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை எனக் கருதப்பட்டு 2013இல் அவ்விதி நீக்கப்பட்டது.

செங்கல்பட்டு மாவட்டச் சூழல்

தேசியக் குடும்ப நல ஆய்வின் நான்காம், ஐந்தாம் சுற்றுகளுக்கு இடையே, தமிழ்நாட்டில் மிகை எடையோ உடற்பருமனோ உள்ள பெண்கள் 30.9 விழுக்காட்டிலிருந்து 40.4 ஆகவும், ஆண்கள் 28.2 விழுக்காட்டிலிருந்து 37.0 ஆகவும் உயர்ந்தனர். முட்டுக்காட்டிலிருந்து மாமல்லபுரம் வரையிலான கடற்கரைப் பகுதியும் இம்மாற்றத்துக்கு விலக்கன்று. மீன்பிடியும் உப்பளமும் முக்கியத் தொழில்களாக இருந்த இப்பகுதியை ஒட்டிப் பழைய மாமல்லபுரம் சாலையில் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் பெருகின. அவற்றோடு கேளம்பாக்கம் போன்ற ஊர்களில் தனியார் மருத்துவமனைகளும் வந்தன. அரசுத் தரப்பில் 1965இல் தொடங்கப்பட்ட செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மாவட்டத்தின் முதன்மை மையமாக உள்ளது.

2024 ஏப்ரலில் இம்மாவட்டத்தின் பம்மலில் உள்ள தனியார் மருத்துவமனை ஒன்றில் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்குச் சேர்ந்த இளைஞர் ஒருவர், சிகிச்சையின்போது உடல்நிலை மோசமாகி, வேறு மருத்துவமனைக்கு மாற்றப்பட்டு உயிரிழந்தார். தமிழ்நாடு சுகாதாரத் துறை விசாரணைக் குழு அமைத்தது. அதன் அறிக்கையை அடுத்து மருத்துவமனையின் உரிமம் தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்பட்டது. தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனைகள் 1997ஆம் ஆண்டின் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவுபெற வேண்டும். ஆயினும் பதிவு என்பது குறைந்தபட்சத் தகுதியே. குறிப்பிட்ட ஒரு சிக்கலான சிகிச்சைக்கான முழு ஆயத்தத்தை அது உறுதிசெய்வதில்லை.

உடற்பருமன் உள்ளவர்களுக்கு மயக்க மருந்து கொடுப்பதே தனிச் சவாலாகும். கழுத்துப் பகுதிக் கொழுப்பால் மூச்சுக்குழாயில் குழாய் செலுத்துவது கடினமாகலாம். நுரையீரலில் ஆக்சிஜன் இருப்பு குறைவாக இருப்பதால், மூச்சு நின்றால் சில நிமிடங்களிலேயே நிலைமை மோசமாகும். பலருக்கு உறக்க மூச்சுத்தடை கண்டறியப்படாமலே இருக்கும். எனவே மயக்க மருந்து நிபுணரின் அனுபவமும், அதே வளாகத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவு இருப்பதும் அறுவை மருத்துவரின் பெயரைப் போலவே முக்கியமானவை.

தேர்வில் கவனிக்க வேண்டியவை

இவ்வரலாற்றிலிருந்து நோயாளியும் குடும்பத்தினரும் கேட்க வேண்டிய கேள்விகள் பின்வருமாறு தொகுக்கப்படலாம்:

- மருத்துவர் இதே முறையில் இதுவரை எத்தனை சிகிச்சைகள் செய்துள்ளார்? இப்போது ஆண்டுக்கு எத்தனை செய்கிறார்?
- அவருடைய நோயாளிகளில் எத்தனை பேருக்குத் தையல் கசிவு, இரத்தக் கசிவு, மறு அறுவை ஆகியவை நேர்ந்தன?
- ஒரே முறையை அனைவருக்கும் பரிந்துரைக்கிறாரா, அல்லது பிற முறைகள் ஏன் பொருந்தாது என்பதை விளக்குகிறாரா?
- அறுவைக்கு முன் இதயம், நுரையீரல், உறக்கம், உள்நோக்கிப் பரிசோதனைகள் செய்யப்படுகின்றனவா?
- இரவிலும் மருத்துவர் இருக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவு அங்கேயே உள்ளதா?
- உணவியல் வல்லுநரும் மனநல ஆலோசகரும் குழுவில் உள்ளனரா?
- ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகும் பரிசோதனைக்கு அழைக்கும் ஏற்பாடு உண்டா?

எண்களைக் கேட்பது மருத்துவரை அவமதிப்பதாகாது. தம் விளைவுகளைக் கணக்கில் வைத்திருப்பவரால் தயங்காமல் விடை கூற இயலும்.

இன்றைய நிலை

2025இல் எடைக் குறைப்பு ஊசி மருந்துகளான மௌஞ்சாரோவும் வீகோவியும் இந்தியச் சந்தைக்கு வந்தன. இதனால் அறுவையா, மருந்தா என்ற மூன்றாவது கேள்வியும் எழுந்துள்ளது. மருந்தை நிறுத்தினால் எடை திரும்பும் போக்கு உள்ளது. அறுவைக்குப் பின்னும் கவனம் குறைந்தால் எடை கூடலாம். 1987இல் தொடங்கிய சுவீடன் உடற்பருமன் ஆய்வு, அறுவை செய்துகொண்டவர்களிடம் இறப்பு விகிதம் குறைந்திருந்ததை 2007இல் அறிவித்தது. அம்முடிவை எட்ட நோயாளிகளைச் சராசரியாகப் பத்தாண்டுக்கும் மேலாகத் தொடர வேண்டியிருந்தது. அறுவை அரங்கில் சில மணி நேரத்தில் முடியும் இச்சிகிச்சையின் உண்மையான கால அளவு வாழ்நாள் முழுவதுமாகும்.